குருவி இல்லாத படங்கள்

அவர் என்னிடம் முதலில் கேட்டது, "எந்த ஆபீசுங்க?" என்று. கடைசியாகச் சொன்னது இரண்டே சொல். நடுவில் ஒரு தை முதல் அடுத்த தை வரை. அந்த ஒரு வருஷத்தில் அவர் என்னைச் சந்தேகப்படாமல் இருந்தது ஏழு மாதம். சந்தேகப்பட்டிருக்க வேண்டியதும் அந்த ஏழு மாதம்தான்.

கேரளப் பக்கத்து எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையில் எனக்கு ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், போய்ச் சேர்ந்தவர்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுப்பது, எல்லாம் செய்கிறேன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. ஆட்களை நிற்கவைத்து, முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க என்று சொல்லி, சிரிக்கச் சொல்லி, எடுத்து எடுத்தே கை பழகியது. அப்படிப்பட்டவனுக்கு நாற்பது தாண்டிய பிறகு தேன்சிட்டுப் பைத்தியம் பிடித்தது. கோயம்புத்தூரில் ஒருவர் கை மாற்றிய பழைய லென்ஸ் ஒன்றை வாங்கினேன். முழங்கை நீளம். அதைத் தூக்கிக்கொண்டு காலை வேளைகளில் வாய்க்கால் ஓரமாகச் சுற்ற ஆரம்பித்தேன்.

எல்லைப் பக்கம் கேமராவோடு நிற்கிறவனை யாரும் சும்மா பார்க்க மாட்டார்கள். ஸ்பிரிட் கடத்துகிற லாரிக்கு வழி பார்க்கிறான் என்பார் ஒருவர். அதைப் பிடிக்க வந்த எக்சைஸ் ஆள் என்பார் இன்னொருவர். நிலத் தரகன் என்பவர்களும் உண்டு. இந்த மூன்றையும் ஒரே ஆளாகச் சேர்த்துச் சந்தேகப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

எருத்தேன்பதிக்குப் பக்கத்தில் அவருடைய தோட்டம். தென்னை, கொஞ்சம் நிலக்கடலை, நான்கு மாடு. ஊரில் தோட்டத்து அக்கா என்றால் தெரியும். வேலியில் பூத்திருந்த செம்பருத்திக்கு ஒரு ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு வந்து வந்து போனது. மண் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நான் அதற்கு லென்ஸை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தார். ஐம்பதைத் தொட்ட வயது. நைட்டிக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தண்ணீர் சொட்டும் ஓஸ் குழாய்.

"எந்த ஆபீசுங்க?"

"ஆபீஸெல்லாம் இல்லீங்க்கா. குருவி புடிக்கறேன்."

எங்கள் பக்கம் படம் எடுப்பதையும் பிடிப்பது என்றுதான் சொல்வோம். அவர் என் பையைப் பார்த்தார். வண்டியின் பின் சீட்டைப் பார்த்தார். ஓஸ் குழாயை மடக்கித் தண்ணீரை நிறுத்தினார்.

"வலை எங்கீங்க?"

வலை இல்லை, படம் பிடிக்கிறேன் என்று விளக்கினேன். அப்படியானால் பிடித்ததைக் காட்டச் சொன்னார். காட்டினேன். என் கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

அன்று காலை எழுபது படமாவது எடுத்திருப்பேன். முதல் படத்தில் செம்பருத்திக் கிளை, அதற்குப் பின்னால் அவருடைய கிணறு. இரண்டாவதில் கிளை, கிணறு, ஓரத்தில் ஊதாவாக ஒரு கறை. மூன்றாவதில் மோட்டார் ரூமும் கரண்டு மீட்டர் பெட்டியும், எண்ணைப் படிக்கலாம் போல அவ்வளவு தெளிவு. அப்புறம் தென்னைகள். அப்புறம் எல்லைக்கல். ஒன்றில் அவருடைய மாட்டின் வால்.

"குருவி எங்கீங்க?"

"பறந்துருச்சுங்க."

"எல்லாத்துலயுமா?"

நான் தலையாட்டினேன்.

"அப்பறம் இத எதுக்குங்க எடுத்தீங்க?"

யோசித்துப் பார்த்தால் நியாயம் அவர் பக்கம்தான். தேன்சிட்டு கட்டைவிரல் அளவு. பூவின் முன் வந்து நிற்கும். நான் விரலை அழுத்துவதற்குள் அடுத்த பூவில் இருக்கும். அங்கே லென்ஸைத் திருப்புவதற்குள் வேலிக்கு அப்பால். லென்ஸோ ஆடாததைத்தான் கவ்வும். குருவி ஆடும், கிணறு ஆடாது. அதனால் கிணறு விழும். நொடியை இரண்டாயிரமாக உடைத்து அதில் ஒரு பங்கில் எடுத்தால் இறக்கை நிற்குமாம். ஆனால் இலை நிழலில் அத்தனை வேகத்துக்கு வெளிச்சம் போதாது, படம் இருண்டுபோகும். நிறம் வேறு ஏமாற்றும். அந்த ஆண் குருவியின் கழுத்து இந்தப் பக்கம் பார்த்தால் கரி, தலையை ஒரு நூல் திருப்பினால் ஊதா. கரியாக இருக்கும்போது நிற்கும், ஊதாவானதும் பறக்கும். இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் ஓஸ் குழாயோடு நிற்கிறவரிடம் எப்படிச் சொல்வது? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: குருவி எடுக்கிறேன் என்று சொன்னவனிடம் குருவி தவிர எல்லாம் இருந்தது.

அழிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக அழித்தேன். எழுபதும் போகும்வரை நின்று பார்த்துவிட்டு, "இன்னொரு கேமராப் பொட்டி இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இதைச் சொல்லி டீக்கடையில் நான் ஊரையே சிரிக்கவைத்திருக்கிறேன். அவருடைய வீட்டுக்காரரும் சிரிப்பார். லைன் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள்தான் ஊரில் இருப்பார். "எங்கூட்டுக்காரி நாங்க பொண்ணு பாக்கப் போன அன்னிக்கே எங்கம்மாகிட்ட, மாப்பள இவருதானா, இல்ல காட்டறதுக்கு வேற ஆளக் கூட்டிட்டு வந்தீங்களான்னு கேட்டவ" என்பார்.

பால் சொசைட்டியில் பால் அளக்கும்போது அக்காவின் கண் பாலில் இருக்காது, அளக்கிறவரின் கட்டைவிரலில் இருக்கும். மீட்டர் பார்க்க வருகிறவர் எண்ணைச் சொன்னால், பின்னாலிருந்து சொல்லுங்க என்பார். மனப்பாடமாகச் சொல்கிறவனால் பின்னாலிருந்து சொல்ல முடியாதாம். தேங்காய் போட ஏறுகிறவர் மரத்தின் மேலிருந்து எண்ணிக்கை சொல்வார். இவர் கண்ணை மூடிக்கொண்டு விழுகிற சத்தத்தை எண்ணுவார். கண்ணை ஏன் மூடுகிறார் என்று கேட்டேன். "கண்ணு அவரு சொல்றத நம்பீருமுங்க. காது நம்பாது" என்றார். இப்படிப் பேச்சுகளைக் கேட்டால் நான் அன்று முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பேன். குருவி கிடைக்காத நாட்களில்கூட அந்தப் பக்கம் வண்டியை விட்டது பாதி இதற்காகத்தான்.

எல்லாவற்றுக்கும் மேல், அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மலையாளத்தில் வருகிற எந்தக் காகிதத்தையும் ஒருவருக்கொருவர் பழக்கமில்லாத இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொல்வார். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால்தான் அந்தக் காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைப்பார். அவருக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாழ வந்தவர்.

அந்த வழக்கம் எப்படி வந்தது என்பதைப் பின்னால்தான் சொன்னார், சாணி வழித்துக்கொண்டே, யாருக்கோ நடந்ததைப் போல. கல்யாணமாகி வந்த புதிது. வாய்க்கால் ஓரத்துப் பாதையை அகலமாக்க அளந்தபோது இவர்கள் எல்லைக்குள் இருந்த ஐந்து தென்னை பாதையோடு சேர்ந்து போயிற்று. வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே. இவர் ஒரு ஆபீசுக்குப் போய்க் கேட்டார். அங்கே இருந்தவர் ஏதோ மலையாளத்தில் சொன்னார். இவருக்குப் புரிந்த வார்த்தை ஒன்றுதான்: அவகாசம் இல்லை. சரி, வேலை அதிகம் போல, நேரமில்லை என்கிறார் என்று நினைத்துத் திரும்பி வந்தார். அடுத்த வாரம் போனார். அவகாசம் இல்லை. அதற்கடுத்த வாரமும் அதே. அவர்களுக்கு நேரம் கிடைக்கட்டும் என்று இவர் பொறுமையாக ஐந்து தடவை போய் வந்தார். ஆறாவது தடவை அங்கே காத்திருந்த நல்லேப்பிள்ளிக்காரர் ஒருவர்தான் தமிழில் சொல்லியிருக்கிறார்: அம்மா, அவர் நேரமில்லை என்று சொல்லவில்லை, உங்களுக்கு உரிமை இல்லை என்கிறார். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. மறுப்பு எழுதிக் கொடுக்கலாம், ஆனால் அதற்கான தேதி முந்தின வாரத்தோடு முடிந்துவிட்டது.

"அவரு பொய் சொல்லலீங்க. நானும் தப்பாக் கேக்கலீங்க" என்றார். "வார்த்த ஒண்ணுதான். ரெண்டு மூஞ்சி வெச்சிருந்துச்சு. அஞ்சு மரம் போச்சு."

அதற்குப் பிறகு நான் டீக்கடையில் அவரைப் பற்றிக் கதை சொல்வதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கொஞ்சம் குறைத்தேன்.

மூன்று மாதம் வேலிக்கு வெளியே நின்ற பிறகு, ஒருநாள் அவராகவே கேட்டைத் திறந்துவிட்டார். என் படங்களில் அதுவரை ஒரு குருவிகூட விழவில்லை என்பதே அவருக்கு ஒருவிதச் சான்றாகிவிட்டது. ஒற்றனாக இருந்தால் இத்தனை நாள் இவ்வளவு கேவலமாக எடுக்க மாட்டான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னாராம். உள்ளே விட்டதோடு ஒரு நிபந்தனையும் வைத்தார். "எத்தன வேண்ணாலும் எடுத்துக்கங்க. கை மட்டும் வெக்கக் கூடாதுங்க. ஒரு எலயக்கூட." இன்னொரு வேலையும் சேர்ந்து வந்தது. அவருடைய காகிதங்களைப் படிக்கிற இரண்டு பேரில் ஒருவன் ஆனேன். இன்னொருவர் மருந்துக் கடைக்காரர். நான் படித்தது சரியா என்று அக்கா அவரிடம் போய்ச் சோதிப்பது எனக்குத் தெரியும். கடைக்காரர் படித்ததை என்னிடம் சோதிப்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ.

உள்ளே விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்குக் காட்ட அவரிடம் ஒன்று இருந்தது. மோட்டார் ரூம் வாசலில் ஒரு கொய்யா மரம். அதன் தாழ்ந்த கிளையில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. நார், சருகு, சிலந்தி நூல் எல்லாம் சேர்த்து, குப்பை தொங்குவது போல ஒரு பை. பக்கவாட்டில் ஒரு வாசல், அதற்கு மேல் சின்னதாக ஒரு தாழ்வாரம். அது கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அவர் மோட்டார் ரூமின் முன்கதவைத் திறப்பதே இல்லை. பின்பக்கம் முள்ளை ஒதுக்கிக்கொண்டு போய், ஜன்னல் கம்பிக்கு நடுவே தென்னை மட்டையின் தண்டை நீட்டி, ஸ்டார்டரின் பச்சைப் பொத்தானை அமுக்குவார். சில நாள் நாலைந்து தடவை குத்தினால்தான் சரியாகப் படும். முழுக்கைச் சட்டையில் முள் கிழித்த கோடுகள் இருக்கும்.

எல்லோரையும் சந்தேகப்படுகிறவர் இந்தக் குருவியை மட்டும் எப்படி நம்பினார் என்று கேட்டேன்.

"என்ற தோட்டத்துல வந்து கையெழுத்துக் கேக்காம ஊடு கட்டுனது இது ஒண்ணுதானுங்க" என்றார்.

வைகாசியில் குஞ்சு பொரித்தது. இப்போது குருவி எங்கே போனாலும் கூட்டுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். வாசலில் அரை நொடி தொங்கி, குஞ்சின் வாயில் ஊட்டிவிட்டுப் போகும். இதுவரை அதைத் தேடி நான் அலைந்தேன். இனி அது வருகிற இடம் எனக்குத் தெரியும். ஆனால் கூட்டுக்கு முன்னால் ஒரு கிளை இலையும் தளிருமாகத் திரை போட்டிருந்தது. நிழல். அந்த நிழலில் எத்தனை எடுத்தாலும் சாம்பலாகத்தான் விழுந்தது. நான்கு நாள் அப்படிப் போயிற்று. அந்தக் கிளை மட்டும் ஒரு முழம் விலகினால் ஒன்பது மணி வெயில் நேராகக் கூட்டின் வாசலில் விழும்.

ஐந்தாம் நாள் என் பையில் கல்யாண மண்டபத்தில் வாழைமரம் கட்டி மிச்சமான சணல் இருந்தது. அவர் மாட்டைக் கட்டப் போயிருந்தார். கிளையை வெட்டவில்லையே, ஒரு மணி நேரம் வளைத்துக் கட்டிவிட்டு அவிழ்த்துவிடப் போகிறேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டினேன். வெயில் உள்ளே வந்தது. இருபது நிமிஷத்தில் ஆண் குருவி வாயில் ஒரு சிலந்தியோடு வந்து தொங்கியது. கழுத்து ஊதா, முதுகு செம்பழுப்பு, வயிறு மஞ்சள், குஞ்சின் திறந்த வாய், எல்லாம் ஒன்றாக விழுந்தன. நாலு மாதத்தில் முதல் படம்.

அந்த நேரத்தில் போன். நல்லேப்பிள்ளியில் அன்று நான் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்துவிட்டார், கேமராக்காரரைக் காணோம் என்று பெண்ணின் சித்தப்பா கத்தினார். எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன். கேட்டைத் தாண்டும்போது ஒரு செம்போத்து வரப்பில் மெதுவாகக் குறுக்கே நடந்து போயிற்று. செம்போத்து கண்ணில் பட்டால் காரியம் நல்லபடியாக முடியும் என்பார்கள் எங்கள் பக்கம். அந்தச் சந்தோஷத்தோடு போனேன்.

தாலியில் மூன்றாவது முடிச்சு விழும்போதுதான் என் முடிச்சு ஞாபகம் வந்தது.

கல்யாணத்தை விட்டு வர முடியவில்லை. பந்தி, மறுவீடு, சாயங்கால வரவேற்பு. நடுவில் ஒரு போன் பண்ணி, அக்கா, அந்தக் கயிற்றைக் கொஞ்சம் அவிழ்த்துவிடுங்க என்று சொல்லியிருக்கலாம். எண் என்னிடம் இருந்தது. சொன்னால் கட்டியது தெரிந்துபோகும். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் போனேன். கூடு பக்கவாட்டில் கிழிந்து தொங்கியது. ஆண் குருவி வாயில் எதையோ வைத்துக்கொண்டு அந்தக் கிழிசலைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அது அரை நொடிக்கு மேல் ஓர் இடத்தில் தொங்கியதை அன்றுதான் பார்த்தேன். படம் எடுத்திருந்தால் விழுந்திருக்கும். நான் சணலை அவிழ்த்துச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டேன். கிளை தன் பாட்டுக்குப் பழைய இடத்துக்கு வந்து கூட்டை மறைத்தது.

அவர் பின்பக்கத்திலிருந்து வந்தார். முன்பக்கம் வரவில்லை, பார்க்க மனசில்லை என்றார். நேற்றுச் சாயங்காலம் செம்போத்து கூட்டில் தொங்குவதைத் தூரத்திலிருந்து பார்த்துக் கல்லை எறிந்தாராம். அதற்குள் முடிந்துவிட்டது.

"இத்தன நாளும் எலைக்குள்ள இருந்துச்சு" என்றார். "அதுக்கு எப்புடிங்க தெரிஞ்சுது?"

நான் பாக்கெட்டில் கையை விட்டுச் சணலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மோட்டார் ரூமின் முன்கதவைத் திறந்து ஸ்டார்டரை அமுக்கப் போனார். பால்காரர், மீட்டர்காரர், தேங்காய்க்காரர், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை என்று யாரையும் விடாதவர், அன்று என்னை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு சந்தேகப்படுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவர் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுவேன். "தம்பி, கயிறு ஏதாச்சும் இருக்குதுங்களா, கன்னுக்குட்டியக் கட்டோணும்" என்று ஒருநாள் கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. கன்றைக் கட்டத்தான் கேட்டிருக்கிறார். இன்னொரு நாள் கொய்யாப் பழம் கொடுத்து, "இந்த வருசம் அந்தக் கெளையில காய் இல்லீங்க" என்றார். எந்தக் கிளை என்று கேட்காமல் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆவணியில் பஞ்சாயத்திலிருந்து ஒரு காகிதம் வந்திருந்தது. தென்னங்கன்று கொடுக்கிற பட்டியல், அதில் அவர் பெயரும் இருக்கிறது, அவ்வளவுதான். படித்துச் சொன்னேன். வழக்கம்போல, மருந்துக் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றேன். அவர் காகிதத்தை மடித்தார்.

"வேண்டாமுங்க. நீங்க படிச்சாப் போதும்."

வீட்டுக்காரருக்குக்கூட இந்த மரியாதை கிடைத்ததில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

படம் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் இருந்தது. ஐப்பசியில் பால் சொசைட்டி செகரட்டரி வேறு வேலையாக வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். நம் ஊர்க் குருவியா, நம் ஊரில் எடுத்ததா என்று கேட்டு, புது வருஷக் காலண்டருக்கு இதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் நாலு மாதம் நின்று எடுத்த படம். அதைவிட, ஊரில் எல்லோர் சுவரிலும் என் படம். கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி உட்கார்ந்து பெரிதாக்கி அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். மேல் ஓரத்தில் சணலின் நுனி கொஞ்சம் தெரிந்தது. அதைக் கம்ப்யூட்டரில் அழித்தேன். அழித்த இடத்தில் வானத்தைப் போட்டேன். இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று தோன்றியது.

மார்கழியில் காலண்டர் வந்தது. டீக்கடையில், ரேஷன் கடையில், பார்பர் ஷாப்பில், போகிற இடமெல்லாம் அந்த ஊதாக் கழுத்து. பார்க்கிறவர்கள் எல்லோரும் குருவியைத்தான் பார்த்தார்கள். எவ்வளவு தெளிவு, கண்ணின் மணி தெரிகிறது, சிலந்தியின் கால் தெரிகிறது என்றார்கள்.

நாலாம் நாள் அவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. நல்ல சேலை கட்டியிருந்தார். சுருட்டிய காலண்டரைக் கண்ணாடி மேஜை மேல் விரித்து, சுருளாமல் இருக்க ஒரு பக்கம் தன் கைப்பையையும் மறுபக்கம் என் ஸ்டேப்ளரையும் வைத்தார்.

"நம்ம கொய்யாதானுங்களே."

ஆமாம் என்றேன்.

"படம் நல்லா உளுந்திருக்குது. மூணு மாசமா ஒரு றெக்ககூட நிக்கலைன்னீங்க. இது எப்புடி நின்னுச்சு?"

"அன்னிக்கு வெளிச்சம் நல்லாருந்துச்சுங்க்கா."

அவர் குருவியைத் தொடவே இல்லை. விரல் குருவியைத் தாண்டி, கூட்டைத் தாண்டி, ஓரத்துக்குப் போயிற்று. அங்கே கிளையின் இலைகள். நான் ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்தும் பார்க்காத இலைகள். கொய்யா இலைக்கு மேல்பக்கம் கரும்பச்சை. அடிப்பக்கம் வெளிறி, நரம்பு புடைத்து இருக்கும். படத்தில் மற்ற இலையெல்லாம் கரும்பச்சை. அந்த ஒரு கிளையில் மட்டும் எல்லாம் வெளிறித் தெரிந்தன.

"இந்தக் கெளை மட்டும் ஏனுங்க முதுகக் காட்டீட்டு நிக்குது?"

"காத்துங்க."

"காத்தடிச்சா எல்லாக் கெளையும் திரும்போணுமில்லீங்க."

வெளியே பஸ் ஸ்டாண்டில் யாரோ பொள்ளாச்சி, பொள்ளாச்சி என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. மீட்டர் எண்ணைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்கிறவர், காத்திருக்கத் தெரிந்தவர்.

"எப்ப அவுத்து உட்டீங்க?"

"அடுத்த நாள் காலைலங்க."

அவர் உதடு அசைந்தது. ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை எண்ணினார் என்று நினைக்கிறேன், தேங்காய் விழுகிற சத்தத்தை எண்ணுவது போல. கண்ணை மூடியிருந்தார்.

திட்டியிருந்தால் தேவலை. மன்னிப்புக் கேட்க ஒரு இடம் கிடைத்திருக்கும். அவர் ஸ்டேப்ளரை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். காலண்டரைச் சுருட்டினார். அதைக் கிழித்துப் போடுவார், இல்லை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"மாட்டுக்கு ஊசி போடற தேதி பாக்கோணும்" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். அந்தக் குருவியும் முதுகு காட்டுகிற இலையும் அந்த வருஷம் முழுக்க அவர் வீட்டுச் சுவரில் தொங்கின என்று வீட்டுக்காரர் சொன்னார். மாதம் பிறந்தால் தாளைக் கிழிப்பார், படத்துப் பக்கம் பார்க்க மாட்டார் என்றார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. அக்கா யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன், எட்டு வருஷம் கழித்து.

பொங்கல் முடிந்த வாரம் மனசு கேட்காமல் போனேன். கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்தேன்; அதை ஏன் எடுத்துப் போனேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கேட் சாத்தியிருந்தது. அவர் உள்ளே தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அதே முழுக்கைச் சட்டை. நான் கூப்பிட்டேன். ஓஸ் குழாயைப் பிடித்தபடியே கேட் வரைக்கும் வந்தார். ஒரு வார்த்தை பேச வேண்டும் அக்கா, உள்ளே வரட்டுமா என்றேன்.

என்னைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார்.

"அவகாசம் இல்லீங்க."

தம்பி என்கிற வார்த்தை அதில் இல்லை. மற்றபடி குரலில் கோபமும் இல்லை. வேலை இருந்தது உண்மை. வாய்க்காலில் அன்று அவருடைய முறைத் தண்ணீர், நேரம் போனால் போனதுதான். அந்த வார்த்தையை அவர் தமிழில் சொன்னாரா, மலையாளத்தில் சொன்னாரா என்று அன்று முதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டிருக்கலாம். கேட்பதற்கும் எனக்கு அவகாசம் இல்லை என்று அதே வார்த்தைதான் குறுக்கே வந்து நின்றது.

அவர் திரும்பி நடந்தார். அப்போது மோட்டார் ரூம் பக்கம் "சிட் சிட்" என்று ஒரு சத்தம். பழகிய கை, நான் நினைப்பதற்கு முன்னால் லென்ஸ் உயர்ந்து விரல் அழுத்திவிட்டது. ஒரே ஒரு படம். அதை அழிக்கச் சொல்ல யாரும் வரவில்லை. இன்றும் வைத்திருக்கிறேன்.

குருவி அதில் இல்லை. கேட் இருக்கிறது, கிணறு இருக்கிறது, மோட்டார் ரூமும் மீட்டர் பெட்டியும் தெளிவாக இருக்கின்றன. கொய்யா இலைகள் எல்லாம் கரும்பச்சையாக, நேராக நிற்கின்றன. முதுகைக் காட்டி நிற்பது அவர் ஒருவர்தான்.